படைவீரரின் இரண்டாம் பணி: மீன்தொட்டியிலிருந்து ஏரிவரை

1

படைப்பணியிலிருந்து ஓய்வு பெறுவது பிற அரசுப் பணிகளின் ஓய்விலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஆசிரியரோ வருவாய்த்துறை ஊழியரோ அறுபதை ஒட்டிய வயதில், பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு பணியை விடுகிறார். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவரோ பெரும்பாலும் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், உடலில் வலுவும் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருக்கும்போதே ஊர் திரும்பிவிடுகிறார். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்ற தேவை அவரை இப்படி வெளியே அனுப்புகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இந்திய முப்படைகளிலிருந்து இவ்வாறு வெளிவருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னும் இருபது இருபத்தைந்து ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது.

அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வங்கிகளின் வாசலிலும், பணம் வழங்கும் இயந்திரங்களின் அருகிலும், மருத்துவமனைகளின் நுழைவாயிலிலும் காணலாம். தமிழ்நாடு அரசு முன்னாள் படைவீரர்களுக்கென 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ கழகம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதன் முதன்மையான வேலைவாய்ப்பு காவல் பணியே. காவல் பணி இழிவானதன்று. நேர்மையான உழைப்பு எதுவும் இழிவானதன்று. ஆனால் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படைப்பிரிவில் பாலம் கட்டவும், குழாய் பதிக்கவும், பனிமலையில் ஜெனரேட்டர் ஓட்டவும், கிடைத்த நீரைக் குடிநீராக்கவும் கற்ற ஒருவரை, நாள் முழுதும் ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்து மூடவைப்பதில் நாட்டுக்கு நேரும் இழப்பு பெரிது. அந்த இழப்பை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

இக்கேள்வி இப்போது இன்னும் அவசரமாகியிருக்கிறது. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்ந்த அக்னிவீரர்கள் நான்கு ஆண்டுகள் மட்டுமே பணிபுரிவார்கள். அவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன், ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் நடுவிலேயே வீடு வருவார்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியின் நான்காண்டு 2026-27இல் நிறைவடைகிறது. முன்பு முப்பத்தெட்டு வயதினருக்கு வேண்டியிருந்த இரண்டாம் தொழில், இனி இருபத்திரண்டு வயதினருக்கும் வேண்டும். அத்தொழில் நிலத்தோடும் நீரோடும் சேர்ந்ததாக இருக்க முடியுமா, மீனையும் பயிரையும் ஒரே நீரில் வளர்க்கும் அக்குவாபோனிக்ஸ் முறை அதற்கு வழிகாட்டுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

2

போரிட்டவருக்கு நிலம் தருவது பழைய வழக்கம். போரில் உயிர்நீத்த வீரரின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை உதிரப்பட்டி என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சிந்திய குருதிக்கு ஈடாக விளையும் மண் அளிக்கப்பட்டது. நவீன அரசுகளும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தன. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் திரும்பி வந்த வீரர்களைப் பண்ணைகளில் குடியேற்றச் சட்டங்கள் இயற்றின. ஆஸ்திரேலியாவில் அத்திட்டம் பல இடங்களில் தோற்றது. பிரித்துக் கொடுத்த நிலம் ஒரு குடும்பத்துக்குப் போதாமல் சிறிதாக இருந்ததும், முதலீடு இல்லாததும், உழவைப் பற்றி ஏதும் அறியாதவர்களிடம் வறண்ட மண்ணை ஒப்படைத்ததும் அத்தோல்விக்குக் காரணங்களாக இன்றுவரை சொல்லப்படுகின்றன.

சென்னை மாகாணத்தின் சொந்த அனுபவம் வயநாட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியமர்த்துவதற்காக, அப்போது மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த வயநாட்டில் பல ஆயிரம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கிச் சென்னை அரசு ஒரு குடியேற்றத் திட்டத்தை நடத்தியது. அவ்வீரர்களுக்கு எந்தப் பயிர் எப்படி விளையும் என்று கற்பிக்க வேண்டியிருந்ததால் 1946இல் அம்பலவயலில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. இன்று அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமாக இயங்குகிறது. அத்திட்டத்தின் மறுபக்கமும் வரலாற்றில் பதிந்திருக்கிறது. குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. அக்காட்டை நம்பி வாழ்ந்த பழங்குடிகள் தங்கள் மண்ணிலேயே கூலிகளானார்கள். ஒருவருடைய மறுவாழ்வு மற்றொருவருடைய வாழ்வைப் பறித்துக்கொண்டு நடந்தது.

இந்த இரு நிகழ்வுகளும் இரண்டு படிப்பினைகளைத் தருகின்றன. கல்வி இல்லாமல் நிலத்தை மட்டும் கொடுத்தால் வீரர் தோற்பார். சூழலையும் அதில் ஏற்கெனவே வாழ்பவரையும் கருதாமல் கொடுத்தால், வீரர் வென்றாலும் ஊர் தோற்கும். 1965இல் லால் பகதூர் சாஸ்திரி போர்வீரனையும் உழவனையும் ஒரே முழக்கத்தில் வாழ்த்தினார். அந்த இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் கொள்கையாக வளர மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

3

அவ்வெண்ணம் 1982 டிசம்பர் முதல் நாளன்று டேராடூனில் உருப்பெற்றது. கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவோடு இணைந்த 127ஆவது காலாட்படை பட்டாலியன் அன்று பிராந்தியப் படையின் அங்கமாக எழுப்பப்பட்டது. பிராந்தியப் படை என்பது நிரந்தரப் படைக்குத் துணையாக, வேண்டும்போது அழைக்கப்படும் படை. அந்தப் பட்டாலியனின் பெயரோடு சுற்றுச்சூழல் என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் தோலுரிக்கப்பட்டிருந்த முசூரி மலைச்சரிவுகளை மீண்டும் பசுமையாக்குவது அதன் பணி. அதில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அப்பகுதியையே சேர்ந்த முன்னாள் படைவீரர்கள். தங்கள் ஆடு மேய்ந்த மலை எது, மழைக்காலத்தில் எந்த ஓடை சரியும் என்று அறிந்தவர்கள் என்பதால் நட்ட கன்றுகளை அவர்கள் வேலி கட்டிக் காத்தார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி மண்ணைப் பிடித்து வைத்தார்கள். 1985இல் டூன் பள்ளத்தாக்கின் சுரங்கங்களை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, காயத்தை ஆற்றும் கைகள் ஏற்கெனவே அங்கே வேலையைத் தொடங்கியிருந்தன.

அதன்பின் ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாயை மணல் மூடாமல் காக்கவும், டெல்லியின் பாட்டி சுரங்கப் பகுதியில் காடு வளர்க்கவும், அசாமில் அழிந்த வனங்களை மீட்கவும் இத்தகைய பட்டாலியன்கள் எழுப்பப்பட்டன. மண்ணுக்கும் மரத்துக்கும் முன்னாள் படைவீரர்கள் ஏற்றவர்கள் என்பதை நாற்பது ஆண்டு அனுபவம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துவிட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிவதைக் காட்டிலும் அவர்களிடம் உள்ள வேறொரு பண்பே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. உடனே பலன் தெரியாத வேலையை, எவரும் பார்க்காத இடத்தில், நாள் தவறாமல் செய்யும் பழக்கம் அது. எல்லைக் காவலில் மாதக்கணக்கில் எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் ஒவ்வோர் இரவும் முறை மாற்றி விழித்திருக்க வேண்டும். மரம் வளர்ப்பதும் ஏறத்தாழ அப்படிப்பட்ட விழிப்புத்தான்.

எனினும் இந்தப் பட்டாலியன்கள் வேலை தருகின்றனவே தவிர, தொழில் கற்றுத் தருவது அவற்றின் முதன்மை நோக்கமன்று. பட்டாலியனை விட்டு வந்தபின் ஒருவர் சொந்தக் காலில் நின்று பிழைக்கும் வழியை அவை காட்டுவதில்லை. அவற்றின் களங்களும் பெரும்பாலும் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள மலை, பாலை, வனப்பகுதிகளே. ஏரியும் கேணியும் கழிமுகமும் கொண்ட, விழுப்புரம் அடங்கிய தென்னார்க்காட்டு நிலத்துக்கு வேறு வகைக் கல்வி தேவை.

4

அக்குவாபோனிக்ஸ் அந்தக் கல்விக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை அறிய, அதன் உள்ளே நடப்பதை அருகில் சென்று பார்க்க வேண்டும். மீன் உண்ட தீவனத்தின் புரதத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. அம்மோனியா சிறிது கூடினாலும் மீன் வாடும். மேலும் கூடினால் மடியும். அந்நீரைச் சரளைக்கல்லோ வேறு பரப்போ நிறைந்த படுகை வழியாகச் செலுத்தினால், அங்கே ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ் வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. அது இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத்திணறச் செய்யும். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்ற அடுத்த கூட்டத்து நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் பயிருக்கு உரம். வேர்கள் அதை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் மீன்தொட்டிக்குத் திரும்புகிறது.

மண் இல்லாத இம்முறையில் நீர் வீணாவதும் மிகக் குறைவு. ஆவியாவதற்கும் இலைகள் வழியே போவதற்கும் ஈடாக ஒரு நாளைக்கு மொத்த நீரில் 1 முதல் 3 விழுக்காடு வரை ஊற்றினால் போதும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட கையேடு கூறுகிறது. இம்முறையை அறிவியல் அடிப்படையில் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவரான ஜேம்ஸ் ரக்கோசி, நன்னீர் அரிதான கரீபியத் தீவு ஒன்றில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பது தற்செயலன்று. நீர்ப்பஞ்சமே இந்த வேளாண்மையின் தாய்.

இதைப் பயிற்சிக்கூடத்தில் நிறுத்திப் பார்த்தால் இதன் கல்விப் பெறுமதி விளங்கும். காலையில் தொட்டிநீரைச் சிறு கண்ணாடிக்குழாயில் எடுத்துச் சோதனைத் துளிகளை விட்டால், அம்மோனியா இல்லாதபோது மஞ்சளாக நிற்கும் நீர், அது இருக்குமளவுக்குப் பச்சையாகிறது. புதிய தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறும். சில நாள் கழித்து அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கியபின் நைட்ரேட் தெரியும். நுண்ணுயிர்கள் குடியேறி இந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வரவை நாள்தோறும் ஏட்டில் பதிந்து, அவசரப்பட்டு மீனை நிறைக்காமல் காத்திருப்பவரே இதில் வெல்கிறார். நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவும் அப்படிப்பட்டதே. 30 பாகை வெப்பத்தில் பிஎச் 7ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8ஆக ஏறினால் அது 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதே தீவனம், அதே மீன், அதே தொட்டி என்றிருக்க, ஒரே ஓர் எண் மாறியதால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மோட்டார் நின்றாலும் அவ்வாறே. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நேரம் தவறாமை, பதிவேடு, மாற்று ஏற்பாடு, இரவுக் கண்காணிப்பு, சிறு பழுதைப் பெரும்பழுது ஆகுமுன் பிடிப்பது ஆகிய இவையெல்லாம் ஒரு ஹவில்தாருக்குப் புதியன அல்ல. பதினைந்து ஆண்டுகளாக அவர் செய்துவந்தவை. படைப்பணியின் ஒழுங்கு உயிரை வளர்க்கும் ஒழுங்காக இங்கே மாறுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆர்ச்சிஸ் ஏக்கர்ஸ் பண்ணை, ஈராக் போரிலிருந்து திரும்பிய ஒரு கடற்படைக் காலாள் வீரரும் அவர் மனைவியும் தொடங்கியது. மண்ணில்லா நீர்வழி வேளாண்மையைப் பணி முடிக்கும் வீரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியாக அது கற்பித்தது. போரின் நினைவுகளால் உறக்கம் இழந்தவருக்குத் தம்மை நம்பியிருக்கும் ஓர் உயிரைப் பேணும் பொறுப்பு ஆறுதல் தருகிறது என்ற எண்ணம் அத்தகைய முயற்சிகளின் பின்னால் நிற்கிறது. இந்தியாவில் வீரரின் மனக்காயம் பற்றிப் பேசுவது இன்னும் கூச்சத்துக்குரியதாகவே இருக்கிறது. பட்டாளத்துக்காரர் கலங்கமாட்டார் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையே அவரைத் தனிமையில் தள்ளுகிறது.

5

இவ்வளவு சொன்னபின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கையேட்டின் அளவின்படி, 1,000 லிட்டர் தொட்டியில் 10 முதல் 20 கிலோ வரை மீன் வளர்க்கலாம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் தீவனம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்தின் சத்து தேவை என்பதால், அத்தொட்டி தாங்கக்கூடிய பாத்தி 4 முதல் 5 சதுர மீட்டர். ஒரு வீட்டுக்குக் கீரையும் அவ்வப்போது மீன்குழம்பும் கிடைக்கும், குடும்பம் பிழைக்காது. குடும்பம் பிழைக்க வேண்டுமானால் அதைப்போல் பல பத்து மடங்கு பெரிய அமைப்பும், நிழல்வலைக் கூடமும், மின்தடையைச் சமாளிக்க ஜெனரேட்டரும் வேண்டும். அதற்கு முதலீடு பல லட்சம்.

விழுப்புரத்துச் சூழலும் எளிதன்று. சித்திரையில் வெயில் 40 பாகையை எட்டும்போது தொட்டிநீரும் சூடேறும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினநீர். அதன் பிஎச் உயர்ந்தே நிற்பதால் இரும்புச்சத்து கரையாமல் போய், இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் வெளுக்கும். சந்தையின் நிலை இன்னும் கடினம். திண்டிவனத்துச் சந்தையில் விற்கும் சிறுகீரையும் தண்டுக்கீரையும் தோட்டத்து மண்ணில் ஒரு மாதத்துக்குள் மிகக் குறைந்த செலவில் விளைந்தவை. மின்சாரம் செலவழித்து வளர்த்த கீரை அந்த விலைக்குப் போட்டியிட முடியாது. புதுச்சேரி உணவகங்களும் ஆரோவில்லும் வாங்கும் லெட்டூஸ், பேசில் போன்ற இலைகளுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் அந்தச் சந்தை சிலருக்கு மட்டுமே இடம் தரும்.

ஆகவே ஓய்வுபெறும் வீரருக்கு அக்குவாபோனிக்ஸைப் பணம் காய்க்கும் தொழிலாகக் காட்டுவது அநீதி. ஓய்வூதியத்தோடு வந்த தொகையை எதில் போடுவது என்று தெரியாமல் தவிப்பவரைத் தேடி ஆசை வார்த்தைகளோடு வருபவர்கள் எப்போதும் உண்டு. ஈமு வளர்ப்பில் பணத்தை இழந்த குடும்பங்களைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. அக்குவாபோனிக்ஸின் இடம் வேறு. அது பிழைப்பு ஆவதற்கு முன் பள்ளிக்கூடம் ஆகத்தக்கது. ஓர் ஏரியில் ஆண்டுக்கணக்கில், பரந்த பரப்பில், கண்ணுக்குப் புலப்படாமல் நடக்கும் சத்துச் சுழற்சியை, ஒரு தொட்டியில் ஆறு வாரத்தில், கைக்கெட்டும் தொலைவில் அது காட்டிவிடுகிறது. தொட்டியைப் படித்தவருக்கு ஏரியைப் படிக்க முடியும்.

6

விழுப்புரம் மாவட்டத்தில் படிக்க வேண்டிய நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்து உருவாகி, 2019இல் கள்ளக்குறிச்சியைப் பிரித்துக்கொடுத்தபின் எஞ்சிய இம்மாவட்டம், சங்கராபரணி ஆற்றின் வீடூர் அணையையும், தென்பெண்ணையையும், நூற்றுக்கணக்கான ஏரிகளையும் தாங்கல்களையும் நம்பி நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளைவிக்கிறது. அவை வறளும்போது கேணியும் ஆழ்துளைக் கிணறும் சுமையை ஏற்கின்றன. நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போகிறது. மழை வந்தால் அளவின்றி வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. தூர்ந்த வரத்துக்காலும் உடைந்த மதகும் உள்ள ஏரியால் வெள்ளத்தையும் தாங்க முடியாது, வறட்சிக்கும் நீர் வைக்க முடியாது.

போருக்கும் நீருக்கும் உள்ள உறவை இம்மாவட்டமே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகைக்கு எதிராக நின்றதில் மதிலுக்கும் மலைக்கும் உள்ள பங்கு அதன் குளங்களுக்கும் சுனைகளுக்கும் உண்டு. நீரைக் காக்கத் தெரிந்த படையே ஊரைக் காத்தது.

கடற்கரையோரம் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவேலி, மழைநீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீர்ச் சதுப்பு. 2021 டிசம்பரில் 5,151 எக்டேருக்கும் மேற்பட்ட அதன் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சார் என்பது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளைக் காக்க நாடுகள் செய்துகொண்ட உடன்பாடு. இச்சதுப்புக்கு நீர் தருவன மேற்கேயுள்ள ஏரிகள். ஏரியில் கலக்கும் உரமும் கழிவும் கடைசியில் சேருமிடம் கழுவேலி. அதே வட்டாரத்தில் 1968இல் தொடங்கிய ஆரோவில், செம்மண் அரித்து ஓடிய மேட்டு நிலத்தைக் கரை கட்டி, மழைநீரைத் தேக்கி, மரம் வைத்துக் காடாக்கிக் காட்டியது. பிச்சாண்டிக்குளம் காடு அதற்குக் கண்கண்ட சான்று. பாழ்பட்ட நிலம் மீளும் என்பதை நம்ப, இம்மாவட்டத்து இளைஞர் டேராடூன்வரை போக வேண்டியதில்லை.

கற்பிக்கும் நிலையங்களும் அருகிலேயே இருக்கின்றன. டி.எம்.வி. என்ற முன்னெழுத்தோடு நாடெங்கும் பரவிய நிலக்கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும், உழவருக்குத் தொழிற்பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையமும் திண்டிவனத்தில் உள்ளன. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விழுப்புரத்தில் உள்ளது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம், கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மேம்படுத்தப்பட்ட திலேப்பியா மீன் வளர்ப்பைப் பரப்பிவருகிறது. பணி முடிக்கும் வீரர்களுக்குப் புதுடெல்லியிலுள்ள மீள்குடியமர்வுத் தலைமை இயக்ககம் 24 வாரங்கள் வரை தொழிற்பயிற்சிக்கு இடம் தருகிறது. 2024 விடுதலை நாளன்று தமிழ்நாடு அரசு அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம், முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய்வரை கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. மீன்வளத்துக்கென 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மத்ஸ்ய சம்பதா திட்டம், நீர்ச்சுழற்சி முறை மீன் வளர்ப்புக்கும் மானியம் வழங்குகிறது. பணமும் அறிவும் இடமும் தனித்தனியே கிடக்கின்றன; அவற்றைக் கோக்கும் நூல்தான் இல்லை.

அந்த நூல் ஓர் ஆறுமாதப் பாடத்திட்டமாக இருக்கலாம். முதல் இரண்டு மாதம் தொட்டியில் நீர்ச்சோதனை, நுண்ணுயிர், தீவனம், மோட்டார்ப் பழுது ஆகியவற்றைக் கற்பது. அடுத்த இரண்டு மாதம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, விரால் வளர்ப்பும், குட்டைநீரை வாழைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சும் முறையும் கற்பது. கடைசி இரண்டு மாதம் ஓர் ஊர் ஏரியை எடுத்துக்கொண்டு, அதன் வரத்துக்கால், மதகு, கோடி, நீர்த்தரம் ஆகியவற்றை அளந்து பதிவேடு தயாரிப்பது. இப்படிப் பயின்று வரும் ஒருவர் தம் நிலத்தில் மீனும் பயிரும் சேர்ந்த பண்ணை வைக்கலாம்; பிறர் பண்ணைகளின் நீரைச் சோதித்துக் கொடுத்துக் கூலி பெறலாம்; ஏரிப் பாசன சங்கத்தின் நீர்க்கணக்கை எழுதலாம். மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதிய வருவாய் வரும். காவலுக்கு நிற்பதைவிட மதிப்பும் உண்டு.

வயநாட்டின் பாடம் இங்கே மறக்கப்படக் கூடாது. ஊர் ஏரிகளில் மீன்பாசி ஏலத்தை நம்பியும், திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் வயல்வரப்பிலும் நீரோடையிலும் மீன்பிடித்தும் வாழும் இருளர்கள் உள்ளிட்ட எளியவர்கள் பலர். கடனும் மானியமும் சான்றிதழும் கையில் வைத்திருக்கும் முன்னாள் படைவீரர், அவர்களைத் தள்ளிவிட்டு ஏரிக்குள் இறங்கினால், அது சூழலியல் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் இன்னொரு பறிப்பாகவே முடியும். விரால் எங்கே முட்டையிடும், கெளுத்தி எப்போது ஏறும் என்று இருளர் அறிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. பயிற்சியில் அவர்கள் ஆசிரியராக அமர வேண்டும், பண்ணையில் பங்காளியாக இருக்க வேண்டும்.

7

ஒரு நாட்டைக் காப்பது என்பது அதன் எல்லைக்கோட்டைக் காப்பதோடு முடிவதில்லை. எல்லைக்குள் இருக்கும் ஏரி தூர்ந்து, கிணறு வற்றி, சதுப்பு உரக்கழிவால் அழுகினால், காக்கப்பட்ட மண்ணில் வாழ எதுவும் மிஞ்சாது. பதினைந்து இருபது ஆண்டு பனியிலும் பாலையிலும் விழித்திருந்த ஒருவரிடம், இனி ஊரின் நீருக்கு விழித்திரு என்று கேட்பது அவருக்குச் சுமையாகாது. அவருடைய முதல் பணியின் தொடர்ச்சியாகவே அதை அவர் ஏற்பார். அதைக் கேட்கும் பொறுப்பும், கேட்குமுன் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அரசுக்கும் ஊருக்கும் உரியவை.

விழுப்புரத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. இவ்விரு அலுவலகங்களும் மீன்வளத் துறையையும் ஓர் ஏரிப் பாசன சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு மேசையில் அமர்ந்தால், இருபது பேர் கொண்ட முதல் வகுப்பைத் தொடங்கப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை. அக்னிவீரர்களின் முதல் அணி ஊர் திரும்புமுன் அந்த வகுப்பு தொடங்கியாக வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதற்கான முதல் கூட்டத்தைக் கூட்டட்டும். முன்னாள் படைவீரர் சங்கங்கள் அதை வற்புறுத்திக் கேட்கட்டும்.